எண்கள் வரிசையில் நிற்க

நம் சங்கத்தின் திங்கள் இதழில் பொங்கல் விழாவைப் பற்றியும், பிள்ளைகளின் தமிழ் வகுப்பைப் பற்றியும், ஊருக்குச் செல்லும் புகைவண்டிகளைப் பற்றியும் கட்டுரைகள் வருவதுண்டு. எண்களைத் தாளில் நிறுத்துவது எப்படி என்று எவரும் எழுதியதாக நாம் அறியோம். எண் என்றதுமே கொட்டாவி வருகிறது என்று சில அன்பர்கள் கூறலாம். ஆயினும், திங்கள்தோறும் முதல் ஞாயிறன்று சேமநிதிப் பட்டியல் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பெறும்போது அங்கே கூடும் கூட்டத்தைக் கண்டவர்கள் அவ்வாறு சொல்லத் துணியார். பெண்கள் இடுப்பிற் குழந்தையோடு நின்று, விரலைத் தாளின்மேல் ஓட்டித் தங்கள் வரியைத் தேடுவர். அந்த விரல் வழி தவறாமற் செல்வதற்கு வேண்டிய ஏற்பாட்டைப் பற்றியதே இக்கட்டுரை.

நம் சேமநிதியில் சேர்ந்தோர் யாவர்? தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம், வேலூர், திருவண்ணாமலைப் பக்கங்களிலிருந்து பெங்களூருக்குப் பிழைக்க வந்து, அல்சூரிலும் சிவாஜி நகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் லிங்கராஜபுரத்திலும் குடியிருப்போர். கட்டட வேலை, தையல் ஆலை, பூ வியாபாரம் ஆகியவற்றால் வரும் வருவாயில் திங்களுக்கு நூறு ரூபாயோ இருநூறு ரூபாயோ ஒதுக்கி வைக்கின்றனர். மருத்துவச் செலவு வந்தால், பள்ளி திறக்கும் ஜூன் திங்கள் வந்தால், அதிலிருந்து கடன் பெறுகின்றனர். ஆகவே பட்டியலில் முதன்மையான பத்திகள் இரண்டு: ஒன்று சேமிப்பு, மற்றொன்று கடன். இவ்விரண்டும் இடம் மாறினால் என்ன ஆகும் என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம்.

எண்ணிப் பார்க்கத் தேவையில்லாதபடி அது நடந்தே விட்டது. அக்காலத்தில் பட்டியலைத் தெருவிலுள்ள கணிப்பொறிக் கடையொன்றில் கொடுத்து அச்சிட்டு வந்தோம். ஒரு திங்கள், மார்க்கெட்டிற் பூக்கட்டி விற்கும் மூதாட்டியார் ஒருவர் பலகைமுன் நெடுநேரம் நின்றார். பிறகு நம்மிடம் வந்து, “தம்பி, எனக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். என் எண் இருபத்தேழு. அதுக்கு நேரே கடன் கட்டத்துல பன்னிரண்டாயிரத்து நானூறுன்னு இருக்கே. நான் யார்கிட்டயும் கை நீட்டலையே!” என்றார். அவர் குரல் நடுங்கிற்று. “அம்மா, பொறுங்கள், பேரேட்டைப் பார்ப்போம்” என்று சொல்லி ஏட்டைத் திறந்து காட்டினோம். அப்பன்னிரண்டாயிரத்து நானூறும் அவர் பல ஆண்டுகள் பூ விற்றுச் சேர்த்த பணம். பட்டியலில் அது ஒரு பத்தி வலப்புறம் நழுவி நின்றது, அவ்வளவே. ஆனால், எண் மட்டுமே படிக்கத் தெரிந்தவருக்குப் பத்திதான் தலைப்பு. இரண்டாம் பத்தி தன் பணம், மூன்றாம் பத்தி தன் பாரம் என்று அவர் இடத்தைக் கொண்டே அறிந்து வைத்திருந்தார். இடம் பொய் சொன்னால் அவர் யாரைக் கேட்பார்?

நழுவியதன் காரணத்தைப் பின்னர் ஆராய்ந்தோம். கடையில் பெயரை முதலில் அடித்து, ‘டேப்’ விசையை ஒருமுறை தட்டி, அதன்பின் தொகையை அடித்திருந்தனர். டேப் என்பது எட்டு எழுத்துக்கு ஓர் இடமாக வைத்த நிறுத்தம். பெயர் எட்டு இடத்திற்குள் முடிந்தால் தொகை முதல் நிறுத்தத்தில் நிற்கும். பெயர் எட்டைத் தொட்டுவிட்டாலோ, அடுத்த நிறுத்தமாகிய பதினாறுக்குத் தாவிவிடும். தலைப்பெழுத்தும் ஊர்ப்பெயருமாக நீண்ட பெயருடையோர் தொகையெல்லாம் இவ்வாறே ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கின. நிறுத்தத்தில் உறங்கிவிட்டு அடுத்த நிலையத்தில் இறங்கும் பயணியை நாம் அன்றாடம் பார்க்கிறோம். எண்களுக்கும் அது நேரும் என்பதை அன்றுதான் கண்டோம்.

அதுமுதல் பட்டியலைச் சங்கத்து நூலக அறையிலுள்ள பழைய கணிப்பொறியிலேயே அச்சிடத் தொடங்கினோம். அதில் லினக்ஸ் என்னும் இயக்கு மென்பொருள் உள்ளது, விலையில்லாதது. அதனோடு ‘ஷெல்’ என்ற ஒன்று வரும். கணிப்பொறிக்கு எழுத்தால் கட்டளையிடும் வாயில் அது. நாள்தோறும் இட வேண்டிய கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைத்தால், அதுவே ஷெல் ஸ்கிரிப்ட் எனப்படும். நாம் மெட்ரிகுலேஷன் மட்டும் தேறியவர். கணிப்பொறிக் கல்லூரியின் வாசலை மிதித்ததில்லை. ஆயினும் இருபது வரியில் ஒரு கட்டளைக் கோப்பு எழுத அது தடையாயிருக்கவில்லை.

எண்களைச் சீராக நிறுத்துவதற்கு முதல் விதி, அவற்றை வலப்புறம் ஒட்டி நிறுத்துவது. எழுத்தை இடப்புறமிருந்து படிக்கிறோம்; எண்ணையோ ஒன்றாம் இடத்திலிருந்து கூட்டுகிறோம். கீழே ஒரே நான்கு தொகைகளை இருவிதமாகக் காட்டியுள்ளோம்.

```
75
1200
350
10450
```

```
   75
 1200
  350
10450
```

முதல் அடுக்கைக் கூட்டப் புகுந்தால் விரல் தடுமாறும். இரண்டாவதில் ஒன்றின்கீழ் ஒன்றும், பத்தின்கீழ்ப் பத்தும் நிற்கின்றன. அதைவிட மேலான பயன் ஒன்றுண்டு. எவரேனும் 500 என்பதற்கு 5000 என்று எழுதிவிட்டால், அந்த எண் மற்றவற்றைக் கடந்து இடப்புறம் தலையை நீட்டும். படிக்காமலே கண்ணில் படும். பழைய பேரேடுகளிற் சிவப்புக் கோடுகள் இட்டிருந்தது இதற்காகவே. 1957 ஏப்ரலில் நயா பைசா வருமுன், ரூபாய்க்கு ஒன்று, அணாவுக்கு ஒன்று, பைக்கு ஒன்று என மூன்று பத்திகள் இருந்தன. பன்னிரண்டு பை ஓர் அணா, பதினாறு அணா ஒரு ரூபாய் என்ற கணக்கிற் பத்தி பிசகினால் தொகை எங்கோ போய்விடும்.

ஷெல்லில் இவ்வேலையைச் செய்யும் கட்டளைக்குப் பிரின்ட்எஃப் என்று பெயர். 1970களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவான சி மொழியிலிருந்து வந்தது. அதனிடம் விழுக்காட்டுக் குறியும், 8 என்ற எண்ணும், ஆங்கில ‘டி’ எழுத்தும் சேர்த்துக் கொடுத்தால், “எட்டு இடம் ஒதுக்கு, அதில் முழு எண்ணை வலப்புறம் ஒட்டி நிறுத்து, இடப்புறம் எஞ்சியதை வெற்றிடத்தால் நிரப்பு” என்று பொருள். எட்டுக்கு முன் கழித்தற்குறி இட்டால் இடப்புறம் ஒட்டும். சுழி இட்டால் வெற்றிடத்திற்குப் பதிலாகச் சுழிகள் நிற்கும். ‘எஃப்’ எழுத்தோடு புள்ளியும் 2-உம் சேர்த்தால் காசுக்கு இரண்டு இலக்கம் வரும். கோப்பிலுள்ள ஒவ்வொரு வரியாகப் படித்து இதே அச்சில் வார்க்கும்படி ஒரு சுழற்சியை எழுதிவிட்டால் போதும். இருநூறு வரியாயினும் இரண்டாயிரம் வரியாயினும் ஒரே அணிவகுப்பு. வெறும் 1, 2, 3 என வரிசை எண்கள் வேண்டுமாயின் ‘செக்’ என்ற சிறு கட்டளை தரும். ஒரே நீளத்தில் 001 முதல் 100 வரை தரவும் அதற்குத் தெரியும்.

“எக்செல் இருக்கையில் இது எதற்கு?” என்று சங்கத்து இளைஞர் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானதே. கட்டம் போட்டுக் கணக்கிட அது நல்ல கருவி. ஆனால், திங்கள்தோறும் ஒரே வேலையை ஒரே விதமாகச் செய்ய வேண்டிய இடத்தில், என்ன செய்தோம் என்பது வெளிப்படையாக எழுதப்பட்டிருப்பது நலம் என்பது நம் கருத்து. நமக்கு மாற்றலாகி நாளை ஹூப்ளிக்கோ மைசூருக்கோ போய்விட்டால், அடுத்து வரும் செயலாளர் அவ்விருபது வரிகளைப் படித்தே எல்லாம் அறியலாம். வீட்டுச் செலவுக் கணக்கிற்கோ, இரண்டும் வேண்டா. நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும்.

இதுவரை எல்லாம் இனிதாக நடந்தது. தமிழ்ப் பெயர்களைச் சேர்த்தவுடன் அணிவகுப்பு குலைந்தது. பெயருக்கு இருபது இடம் ஒதுக்கச் சொன்னால், ‘ராமு’வுக்குப் பின் எட்டு வெற்றிடம் விழுந்தது, ‘முருகன்’ என்பதற்குப் பின் ஒன்றுமே விழவில்லை. காரணம் இது. யூனிகோடு முறையில் தமிழ் எழுத்தும், அதன்மேல் ஏறும் குறியும் தனித்தனிக் குறியீடுகள். ‘முருகன்’ என்பதில் நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. கணிப்பொறிக்கோ ம, உகரக் குறி, ர, உகரக் குறி, க, ன, புள்ளி என ஏழு. ஒவ்வொன்றையும் சேமிக்க மூன்று பைட்டு வேண்டும், ஆக இருபத்தொன்று. பாஷ் என்னும் ஷெல்லின் பிரின்ட்எஃப் எழுத்தை எண்ணுவதில்லை, பைட்டை எண்ணுகிறது. இருபத்தொன்று இருபதைக் கடந்துவிட்டதால் வெற்றிடம் தேவையில்லை என்று அது முடிவு செய்தது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட்டு ஆதலால், அம்மொழியார்க்கு இத்துன்பம் தெரியாது.

இங்கே பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியை நினைக்கிறோம். யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா அவர்கள் தமிழுக்கு அமைத்த விசைப்பலகையின் வழிவந்த பொறிகளில், புள்ளி விசையைத் தட்டினால் வண்டி நகராது. அடுத்து மெய்யெழுத்தைத் தட்டும்போது புள்ளி அதன் தலையில் அமர்ந்துவிடும். புள்ளிக்குத் தனி இடம் வேண்டா என்பதை அந்த இரும்புப் பொறி அறிந்திருந்தது. இன்றைய கணிப்பொறியிலும் அதை அறிந்த கட்டளைகள் உண்டு. ‘காலம்’ என்ற கட்டளை கண்ணுக்குத் தெரியும் அகலத்தைக் கணக்கிட முயல்கிறது. ஆனால் தாளில் அச்சாகும்போது ‘ணௌ’வும் ‘ர’வும் ஒரே அகலமாக இருக்குமா? தமிழ் எழுத்துருக்களில் அது நடவாத காரியம்.

ஆகவே நாம் கண்ட வழி மிக எளியது. எண்களை எல்லாம் முன்னே நிறுத்தினோம். பெயரைக் கடைசிப் பத்தியில் வைத்தோம். பெயருக்குப் பின் எதுவும் இல்லையாதலால் அது எவ்வளவு நீண்டாலும் எவரையும் தள்ளாது. உறுப்பினர் எண், சேமிப்பு, கடன், மீதி, அதன்பின் பெயர். தலைப்புகளிலும் இதே தொல்லை இருந்தது. அரசாங்கப் பதிவேடுகளில் தலைப்பின்கீழ் 1, 2, 3 எனப் பத்திக்கு எண் இட்டிருப்பதை அலுவலகத்தில் வேலை செய்வோர் அறிவர். அவ்வாறே பத்திகளுக்கு எண் மட்டும் இட்டு, விளக்கத்தைத் தாளின் தலையில் தனியே எழுதினோம். எழுத்தறியாதார்க்கு இது இன்னும் எளிதாயிற்று.

இப்பணியில் இறங்க விரும்புவோர்க்கு இரண்டொரு எச்சரிக்கை. ஷெல் தானே கூட்டுகையில் முழு எண்களையே அறியும். காசு வேண்டுமாயின் எல்லாவற்றையும் காசாக்கிக் கூட்டி, கடைசியில் ரூபாயாக்க வேண்டும், அல்லது ‘ஆக்’ என்ற கருவியை நாட வேண்டும். சுழியில் தொடங்கும் எண் அதைவிடப் பொல்லாதது. உறுப்பினர் எண்ணை 010 என்று எழுதினால், ஷெல் அதை எட்டின் அடிப்படையிலான எண்ணாகக் கொண்டு 8 என்று வாசிக்கும். 008 என்றாலோ, எட்டு என்ற இலக்கமே அம்முறையில் இல்லையாதலால் பிழையென்று முறையிடும். ஆகவே கோப்பில் சுழி வேண்டா. அச்சில் மட்டும் வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம். மற்றொன்று: ஒதுக்கிய இடத்தைவிட எண் பெரிதானால், பிரின்ட்எஃப் அதை முழுதும் அச்சிட்டு அடுத்த பத்தியைத் தள்ளிவிடும். 1957-இல் வந்த ஃபோர்ட்ரான் மொழியின் வழக்கம் வேறு. இடம் போதாவிட்டால் அது எண்ணை அச்சிடாமல், அந்த இடம் முழுதும் நட்சத்திரக் குறிகளை நிரப்பிவிடும். கணக்கெழுதுவோர்க்கு நட்சத்திரமே நல்லது என்போம். தவறு இருக்கிறதென்று உரக்கச் சொல்வது, அதை ஓரமாக நகர்த்தி வைப்பதினும் மேல் அன்றோ?

நம் முன்னோர் எண்களை எப்படி நிறுத்தினர் என்று சிலர் கேட்கலாம். பழந்தமிழ் எண் முறையில் பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறிகள்: ௰, ௱, ௲. இருநூற்று முப்பத்து நான்கை ௨௱௩௰௪ என ஐந்து குறிகளால் எழுதினர்; ஆயிரத்துக்கோ ௲ என்ற ஒரே குறி. எனவே ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கினாலும் பெரிய எண் குட்டையாகவும் சிறிய எண் நெட்டையாகவும் நிற்கும். அக்காலத்தார் கணக்கு தாளில் நடக்கவில்லை, நாவிலும் நினைவிலும் நடந்தது. எண்சுவடியை மனப்பாடம் செய்து முந்திரி, காணி, மாகாணி வரையில் வாயாற் சொன்னார்கள். யூனிகோடில் தமிழுக்கென ஒரு சுழி சேர்ந்ததே 2005-இல்தான். நம் பெங்களூர்ப் பேருந்துகளில் எழுதியிருக்கும் கன்னட எண்களோ இடமதிப்பு முறையில் அமைந்தவை. பத்துக் குறிகளைக் கற்றுக்கொண்டால் எந்த வண்டி எண்ணையும் படித்துவிடலாம். புதிதாக வந்த குடும்பங்கள் முதல் வாரத்திலேயே இதைச் செய்வது நலம்.

அட்டவணையைத் தவறின்றி அச்சிடுவது உலகெங்கும் பெருங்கவலையாய் இருந்திருக்கிறது. இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் என்பார் 1820களில் கணக்கிடும் இயந்திரத்தைத் திட்டமிட்டபோது, விடையை இயந்திரமே அச்சிடவும் வேண்டுமென்றார். சரியாகக் கணக்கிட்ட எண்ணும் படியெடுக்கும்போதும் அச்சுக் கோக்கும்போதும் பிழையாகிவிடுகிறதே என்பது அவர் குறை. எந்த நிறத் தாளில் எண்கள் கண்ணை உறுத்தாமல் நிற்கும் என்றறிய, மடக்கை அட்டவணையின் மாதிரிகளை 151 வகை வண்ணத் தாள்களில் அச்சிட்டுப் பார்த்தார் அவர். இது 1831-இல். நம் இரயில்வேயில் 1980களின் நடுவில் கணிப்பொறி முன்பதிவு வந்தபின், பெட்டியின் வாயிலில் ஒட்டிய பட்டியலும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. எழுத்துக்கு ஒரே அகலம் ஆதலால் படுக்கை எண்கள் நேராக நின்றன. நம்மவரின் நீண்ட பெயர்கள் மட்டும் வால் அறுந்து நின்றன. 2018 மார்ச் முதல் பெரிய நிலையங்களில் அப்பட்டியல் ஒட்டுவதை நிறுத்திவிட்டார்கள்.

இனி ஓர் இனிய செய்தி. சென்னைத் துறைமுகக் கழகத்தில் 1912-இல் எழுத்தராகச் சேர்ந்த கும்பகோணத்து இளைஞர் சீனிவாச இராமானுஜன், 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்றார். ஓர் எண்ணை எத்தனை விதமாகப் பிரித்துக் கூட்டலாம் என்பது அவர் ஆராய்ந்த பொருள்களில் ஒன்று. நான்கை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து விதமாகப் பிரிக்கலாம். பீரங்கிப் படையில் அதிகாரியாயிருந்த மேஜர் மக்மஹோன் என்பவர் 200 வரையுள்ள எண்களுக்கு இவ்விடைகளைக் கையாற் கணக்கிட்டு அட்டவணை செய்து தந்தார். இருநூறுக்கு விடை 39,72,99,90,29,388. அந்த அட்டவணையை ஆராய்ந்தபோது சில விந்தையான பண்புகளைக் கண்டதாக இராமானுஜனே 1919-இல் எழுதினார். நம் ஷெல் கட்டளையால், சுழியிலிருந்து தொடங்கி, வரிசைக்கு ஐந்தாக அவ்வெண்களை நிறுத்தினோம்:

```
    1    1    2    3    5
    7   11   15   22   30
   42   56   77  101  135
  176  231  297  385  490
  627  792 1002 1255 1575
```

கடைசிப் பத்தியை மேலிருந்து கீழாகப் பாருங்கள். 5, 30, 135, 490, 1575. எல்லாம் ஐந்தால் மீதியின்றி வகுபடும். எவ்வளவு தூரம் போனாலும் வகுபடும் என்று இராமானுஜன் நிறுவினார். கட்டளையில் ஐந்து என்பதை ஏழாக மாற்றி மீண்டும் அச்சிட்டோம். இப்போது ஆறாம் பத்தியில் 7, 77, 490 என்று இறங்கின; எல்லாம் ஏழின் மடங்குகள். பதினொன்றாக மாற்றினால் ஏழாம் பத்தியில் 11, 297 என்று வரும். இவ்வெண்களை ஒரே நீட்டில் எழுதிவைத்தால் நம்போன்றார் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. தமிழ் வகுப்புப் பிள்ளைகளிடம் இத்தாளைக் கொடுத்தபோது, ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி நாம் சொல்லுமுன்பே ஐந்தாம் பத்தியின்மேல் விரலை வைத்துவிட்டாள்.

சேமநிதிப் பட்டியலில் இன்னும் ஒரு திருத்தம் செய்யவேண்டியிருந்தது. ஆயிரத்தைக் கடந்த தொகைகளில் காற்புள்ளி வேண்டும் என்று பலர் கேட்டனர். விழுக்காட்டுக் குறிக்குப் பின் ஒற்றை மேற்கோள் குறி இட்டு, கணிப்பொறியின் நாட்டு வழக்கை இந்தியா என்று அமைத்தால், 1,24,000 என நம் முறையிலேயே புள்ளி விழுகிறது. அமெரிக்க வழக்கில் விட்டுவிட்டால் 124,000 என்று வரும். அதைப் பார்த்து இலட்சத்தை ஆயிரமாக நினைப்போர் உண்டு. காற்புள்ளியும் ஓர் இடம் பிடிக்குமாதலால் பத்தியின் அகலத்தை எட்டிலிருந்து பத்தாக உயர்த்தியுள்ளோம்.

இப்போது உறுப்பினர் 212 பேர். பக்கம் பிரிக்கும் ‘பிஆர்’ என்ற கட்டளை, தலையிலும் அடியிலும் ஐந்தைந்து வரி விட்டு, ஒரு தாளுக்கு 56 வரி தருகிறது. ஆக நான்கு தாள்கள். உறுப்பினர் எண் 1 முதல் 56 வரை உள்ளோர் இடக்கோடித் தாளிலும், அடுத்தவர்கள் வரிசையாக அதன் வலப்புறத்திலும் பார்க்கவேண்டும். கட்டளைக் கோப்பின் அச்சுப்படி நூலக மேசையின் இழுப்பறையில் உள்ளது. கற்க விரும்பும் அன்பர்கள் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு மேல் வரலாம். நமக்கு இரவுப் பணி உள்ள வாரங்களில் மட்டும் வகுப்பு இராது.